கனியின் தலையில் அடித்த சத்தியம்

ஜனவரி 3

இந்த டைரி செம்புக் கம்பி கம்பெனிக்காரன் கொடுத்தது. வருடா வருடம் கொடுப்பான். நான் தாளைக் கிழித்துக் கை துடைப்பேன். இந்த வருடம் எழுதலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். காரணம் என் ரத்த அழுத்தம். "கோவம் வந்தா ஆளுங்க மேல பாயாதீங்க பூபதி, ஒரு நோட்டுல எழுதிப் போடுங்க" என்றார் டாக்டர். முப்பத்தாறு வயதில் அழுத்த மாத்திரை சாப்பிடுகிற ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான். சரி, நோட்டு மேல் பாய்கிறேன்.

இன்று பாய வேண்டியது கனியின் கணக்கு மிஸ் மேல். கனி என் அக்கா மகள். பள்ளிக்கூடத்தில் கனிஷ்கா, ஆறாம் வகுப்பு. கோபி டவுனில் நான் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். பழைய கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். பள்ளி விட்டதும் கனி நேராக இங்கே வந்து மூலை ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். பொழுது சாய்ந்ததும் வீட்டில் கொண்டுபோய் விடுவேன். இன்று அவள் நோட்டைத் திறந்தால் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: "சோம்பேறி. முயற்சி செய்வதே இல்லை."

முயற்சி செய்வதில்லையாம். ஒரே ஒரு வகுத்தல் கணக்கை அந்தப் பிள்ளை வியர்க்க வியர்க்கப் போட்டாள். பாதி வழியில் எந்த எண்ணை எதற்காக எடுத்தோம் என்பது மறந்துவிடுகிறது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். நானும்தான் கத்தினேன், அது வேறு. மாமன் கத்துவதும் மிஸ் சிவப்பு மையில் எழுதுவதும் ஒன்றா?

எங்கள் குடும்பத்தில் ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடாது. இங்கே எழுதுகிறேன், யார் வந்து என்ன செய்துவிடுவார்கள். ரத்தப் புற்றுநோய். கனிக்கு ஐந்து வயதில் வந்தது. மருந்துக்கு அடங்கி, அடுத்த வருடம் மூளைக்குள் தலைகாட்டியது. கோயமுத்தூரில் தலைக்குக் கதிர், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். முதுகுத் தண்டில் ஊசி குத்தி மருந்து விட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இந்த ஐந்து வருடமாக நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் முன்பு பட்டாசு மாதிரி பதில் சொன்ன பிள்ளை இப்போது ஒரு கேள்விக்கு வாய் திறப்பதற்குள் கேட்டவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

மிஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கனியிடமும் யாரும் சொல்லவில்லை. தலைவலிக்குப் போட்டோ எடுத்தோம் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறது.

ஜனவரி 5

ஞாயிறு. கடை இல்லை. யாரையும் திட்டவில்லை.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். மச்சான் வீட்டில் ஒறம்பரைக் கூட்டம், சொந்தக்காரர்கள் எல்லாரும். மச்சான் என்பது அக்கா புருசன் தெய்வசிகாமணி. அரிசி மண்டி வைத்திருக்கிறார். ஊரில் பெரிய மனிதர், அது அவர் செருப்புச் சத்தத்திலேயே தெரியும்.

அவருடைய பெரியம்மா ஒருத்தி சாப்பாட்டுப் பந்தியில் கனியின் பின்னந்தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏஞ் செல்வி, உன்ற புள்ளைக்கு முடி ஏன் இப்படி மெலிசாக் கெடக்குது?" என்று கேட்டாள்.

அக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பழனிக்கு மொட்டை போட்டமுங்க அத்தை, அடுத்தடுத்து ரெண்டு வருசம். அதுக்கப்பறம் அடர்த்தியா வரவே இல்லீங்க" என்றாள்.

பழனி மொட்டை! முருகனுக்கே தெரியாத மொட்டை. மருந்துக்கு முடி கொட்டியபோது மச்சான் கட்டிய கதை அது. கோயமுத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்த மாதங்களுக்கு மஞ்சக்காமாலை வைத்தியம் என்று பெயர். ஊர் நம்பியது. ஊருக்கு என்ன, பொங்கலுக்குச் சோறு போட்டால் எதையும் நம்பும்.

ஏன் இத்தனை பொய் என்று அன்றைக்கே கேட்டேன். "கேன்சருன்னு ஒருக்கா வெளிய போச்சுன்னா, நாளைக்கு என்ற பொண்ண எவன் மாப்ள கட்டுவான்?" என்றார். நோயோடு படுத்திருந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடினவர் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார். அதோடு நிற்கவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தபோது என்னையும் அக்காவையும் கூப்பிட்டு, முடியில்லாத அந்தத் தலையில் கை வைக்கச் சொல்லி, சத்தியம் வாங்கினார். வெளியில் சொன்னால் அவள் தலைக்குத்தான் கேடு.

எனக்குச் சத்தியம் கித்தியத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. குடும்பத்தில் சண்டை எதற்கு என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 28

நேற்று கனிக்கு லேசாகத் தலைவலி. அவ்வளவுதான், மச்சானுக்குக் கை கால் ஓடவில்லை. அந்த மனிதரிடம் பொய் இல்லாதது ஒன்று உண்டென்றால் அது பயம்.

இனிமேல் ஸ்கேன் தேவையில்லை, வருடம் ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றுதான் கோயமுத்தூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் மச்சானின் சித்தப்பா மகள் அந்த ஆஸ்பத்திரியிலேயே நர்சாகச் சேர்ந்துவிட்டாள். அன்றோடு அந்தப் பக்கம் போவது நின்றது. கனிக்குத் தலை வலிக்கும்போதெல்லாம் புது ஊர். கரூர், திருச்சி, மதுரை, ஒரு தடவை பெங்களூர். அங்கங்கே ஒரு டாக்டரைப் பிடித்துத் தலைவலி என்று மட்டும் சொல்லிச் சீட்டு வாங்குவார். பழைய படங்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். கொண்டுபோனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. அதனால் ஒவ்வொரு ஊரிலும் ஆதியிலிருந்து எடுப்பார்கள். அதிலும் கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன்தான் வேண்டும் அவருக்கு. "ஊசி போடாத ஸ்கேனு உப்பில்லாத சோறு மாப்ள. மருந்து உள்ள போனாத்தான் எல்லாம் பளிச்சுனு தெரியும்" என்பார்.

இன்று சேலம். கார் ஓட்டினது நான். கனிக்கு நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இங்கேயும் அங்கேயும் குத்திப் பார்த்தாள். "வலிக்கலீங் மாமா" என்று கனி எனக்குச் சமாதானம் சொன்னாள்.

குத்துவதற்கு முன்னால் அந்த நர்ஸ் கேட்டாள்: "பாப்பாவுக்கு இதுக்கு முன்னாடி பெரிய வியாதி, ட்ரீட்மென்ட் ஏதாச்சும் உண்டுங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க. சளி, காய்ச்சல் வரும். அவ்வளவுதான்" என்றார் மச்சான்.

"ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"இதுதாங்க மொதல் தடவை."

யாராவது கேட்டால், இதையெல்லாம் நான் பார்க்கவில்லை, டீ குடிக்க வெளியே போயிருந்தேன். சொல்லும்போது மச்சான் சட்டைக் காலரை இரண்டு விரலால் இழுத்து விட்டுக்கொண்டார். கனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் நிஜமாகவே டீ குடிக்கப் போனேன்.

ஜனவரி 31

மறுபடி சேலம். நரம்பு டாக்டர் பெயர் இளவழகன். சின்ன வயசுதான். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பேனாவால் காட்டினார். "இது ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்தது. இதுலயே பாருங்க, சிறுமூளைக்கு உள்ள ரெண்டு பக்கமும் வெளுப்பா இருக்கு. மருந்து ஏறாமலே இப்படித் தெரியக்கூடாது. மேல பெரிய மூளையிலயும் திட்டுத் திட்டா வெள்ளை. பாப்பா பேச்சும் வேகமும் குறைஞ்சிருக்குன்னு அம்மா சொல்றாங்க. நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணுனீங்களா?"

"தூரத்துச் சொந்தமுங்க" என்றார் மச்சான்.

டாக்டர் தலையை ஆட்டினார். பரம்பரையாக வருகிற சில மூளை வியாதிகளில் இப்படி இருக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகுமாம். எதுவும் உறுதியில்லை, நிறைய சோதனை செய்ய வேண்டும் என்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஓட்டை பேரிங், கரகர என்று சத்தம்.

திரும்பி வரும்போது சங்ககிரி தாண்டியதும் மச்சான் வாயைத் திறந்தார். "உங்கப்பாருக்குக் கை நடுங்கும்ல மாப்ள?"

நான் காரை ஓரம் கட்டி நிறுத்தினேன். "எங்கப்பாருக்குக் கை நடுங்குனது சாராயத்தாலீங்க மச்சான். ஒரு குவார்ட்டர் உள்ள போனா நின்னுக்கும். பரம்பரை வியாதின்னா அது நிக்குமுங்களா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னனப்பா."

ஒரு பேச்சுக்கு! கதிர் வைத்த தலை என்று இந்த மனிதருக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் வம்சத்தைத் தோண்டுகிறார். பொய்யைப் பல நாள் சொன்னால் சொன்னவனே நம்பிவிடுவான் போலிருக்கிறது. அக்கா பின் சீட்டில் கனியின் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 6

இதைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

உடம்பில் செம்புச் சத்து சேர்ந்து மூளையைக் கெடுக்கிற ஒரு வியாதி உண்டாம். அதுவும் பரம்பரைதான். அதற்காக ரத்தமும் சிறுநீரும் கேட்டிருக்கிறார் டாக்டர். மச்சான் காதில் விழுந்தது செம்பு என்கிற சொல் மட்டும். சாயங்காலம் பொழுதோட கடை வாசலில் வந்து நின்று, "இனி புள்ளைய இங்க விடாதீங்க மாப்ள. நாளெல்லாம் செம்புக் கம்பிக்குள்ளயே உக்காந்திருந்தா அது ஏறாம என்ன பண்ணும்?" என்றார்.

"மச்சான், பதினெட்டு வருசமா நான் இதுக்குள்ளதான் கெடக்கறேன். என்ற மூளைக்கு ஏறலியே?"

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றார்.

பக்கத்து டீக்கடைக்காரன் சிரித்துவிட்டான். கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். டைரி எழுதுவது உதவுகிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7

கனி வரவில்லை.

பிப்ரவரி 11

வரவில்லை. ஸ்டூல் மேல் ஒரு மோட்டார் மூடியை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 20

செம்பு சரியாக இருக்கிறதாம். கடைச் செம்பு மூளைக்குப் போகாது என்று டாக்டரே சொன்னாராம். ஆனாலும் எதற்கு வம்பு என்கிறார் மச்சான்.

மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மார்ச் பத்தாம் தேதி சேலத்தில் சேர்க்கச் சொல்கிறார்களாம். திரும்ப ஊசி போட்டு ஸ்கேன், முதுகில் நீர் எடுப்பது, ஐந்து நாள் பலமான ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றுவது. நரம்பு உறை கெடுகிற வியாதியாக இருந்தால் அதில் கட்டுப்படுமாம், பார்க்கலாம் என்கிறார்களாம்.

"பார்க்கலாமா? தெரியாமயே ஏத்துவாங்களா?"

"அவங்களுக்கு என்ன தம்பி தெரியும்? நம்ம சொன்னாத்தான தெரியும்."

"அப்போ சொல்லு."

"நீ சொல்லு."

நான் காயில் சுற்றுகிற மிஷினை ஓடவிட்டேன்.

"என்ற கையாலயே என்ற புள்ள தலைக்குக் கேடு வெக்கச் சொல்றியா?" என்றாள் அக்கா. "கதிர் வெச்சு மீட்ட தலை அது. சத்தியத்தை மீறி நாளைக்கு ஒண்ணுன்னா நான் எந்தக் கெணத்துல விழறது?" மாமியார் இப்போதெல்லாம் இவள் தொட்ட தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லையாம். சீக்கு வம்சத்தில் பெண் எடுத்துவிட்டோம் என்று ஒறம்பரைக்கெல்லாம் போன் போகிறது.

எனக்கு வந்த கோபத்தில் புதுக் கம்பியை அறுத்துவிட்டேன். பொய் சொன்னது எதற்கு? பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று. இப்போது கிடைத்திருக்கிற பட்டம் என்ன? பரம்பரை மூளை வியாதி. குணமான கேன்சரை மறைத்து இல்லாத வியாதியை வாங்கியாயிற்று. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை இதுதான். இனி மாப்பிள்ளைமார் வரிசையில் நிற்பார்கள், மச்சான் டோக்கன் கொடுக்கட்டும்.

மார்ச் 4

கடையை அடைத்துவிட்டுச் சேலம் போனேன். டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான். வரிசையில் உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் தாகம், எழுந்து வெளியே போனேன். திரும்பினால் டாக்டர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வழியில் ஒரு பிள்ளையார் கோயில். நான் இறங்கவில்லை. பஸ் அங்கே நிற்காது.

மார்ச் 5

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

மார்ச் 10

எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தலை வெடித்துவிடும்.

காலையில் கனியைச் சேர்த்தார்கள். பச்சை அங்கியைப் போட்டுவிட்டுக் கையில் ஊசிக்குழாய் செருகி ஒட்டுப் போட்டார்கள். அந்த அங்கி அவளுக்குப் பெரிசு. தோளில் நிற்காமல் வழிந்தது. ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போக ஆள் வந்தான். டாக்டர் தன் அறையில் மச்சானிடம் கையெழுத்துக்கு முன் ஒரு தடவை விசாரித்தார். அக்கா கனியோடு வராந்தாவில் இருந்தாள். நான் மச்சானுக்குப் பின்னால் நின்றேன்.

"கடைசியா ஒரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க. சின்ன வயசுல ஃபிட்ஸ், பெரிய காய்ச்சல், வேற எதுக்காச்சும் மருந்து?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா மூடி கழன்ற சத்தத்தில்தான் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. மேசையில் ஓங்கித் தட்டினேன். "பொய்யிங்க டாக்டர்! அத்தனையும் பொய்யி. ஆறு வயசுல அந்தப் புள்ளை தலைக்குக் கதிர் வெச்சுதுங்க. ரத்தப் புத்துநோய். முதுகுல மருந்து விட்டாங்க. நீங்க எடுத்தது மொதல் ஸ்கேனும் இல்லீங்க. ஊரு ஊராப் போயி ஊசி போட்டு எடுத்து வீட்டுல பீரோ ரொம்பக் கெடக்குதுங்க."

மச்சான் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தாலும் பரவாயில்லை. அவர் உதடு மட்டும் ஆடியது. "என்ற புள்ள தலையில அடிச்ச சத்தியம்டா."

டாக்டருக்கு வந்த கோபத்தைப் பார்த்தபோது எனக்கு இருப்பதெல்லாம் கோபமே இல்லை என்று தோன்றியது. "ஒண்ணரை மாசமா என் முன்னாடி உக்காந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. என்னைய விடுங்க, அந்தக் குழந்தைக்கு இன்னைக்கு என்னென்ன ஏத்த இருந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கத்தினார். ஸ்கேனை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வெகு நேரம் பேசினார். பேசி முடித்துத் தண்ணீர் குடித்தார்.

பிறகு சொன்னார். திட்டுத் திட்டாக இருக்கிற வெள்ளை, கதிரும் முதுகில் விட்ட மருந்தும் சேர்ந்து செய்தது. மறதியும் நிதானமும் அதனால்தான். பரம்பரையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்டீராய்டு தேவையே இல்லை.

"சிறுமூளைக்குள்ள வெளுப்பா இருக்குன்னு சொன்னீங்களே, அது என்னங்க?" என்றேன்.

"அது பெரும்பாலும் அந்த ஊசி மருந்துதான். அதுல ஒரு உலோகம் இருக்கு. ஒண்ணு ரெண்டு தடவைன்னா பெருசா ஒண்ணும் தெரியாது. திரும்பத் திரும்பப் போட்டா கொஞ்சம் மூளையிலேயே தங்கிடுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. சில வகை மருந்துல அதிகமாத் தங்கும். கதிர் வெச்ச குழந்தைகளுக்கு அதனால மாற்றம் இன்னும் கூடுதலான்னு ஆராய்ஞ்சிட்டு இருக்காங்க."

"தங்குனா என்ன கெடுதல்?"

"கெடுதல் செய்யுதுன்னு இதுவரைக்கும் காட்டல. செய்யவே செய்யாதுன்னும் யாரும் எழுதிக் கொடுக்க முடியாது."

"யாருக்குமே தெரியாததை எங்க புள்ளைக்கு எதுக்குங்க ஏத்துனீங்க?"

"தேவைன்னா ஏத்தித்தான் ஆகணும், அதுல பல உயிர் பிழைச்சிருக்கு. தேவையான்னு யோசிக்க எங்களுக்குக் கதை தெரியணும்ல? மொதல் தடவைன்னு சொன்னது யாரு?"

யார் மேலாவது பாய வேண்டும் போல இருந்தது. அந்த ஊசி மேல், கதிர் மேல், கோயமுத்தூர் மேல். "அப்போ கதிர்தான் அவ மூளையக் கெடுத்துதுங்களா?" என்றேன்.

"கதிர் இல்லேன்னா இன்னைக்கு நீங்க சண்டை போடறதுக்கு அவ இருந்திருக்க மாட்டா" என்றார் டாக்டர். குரல் இறங்கிவிட்டது. "வேகம் போனது போனதுதான், முழுசாத் திரும்பாது. ஆனா இது அவளைத் தின்னுட்டே போற வியாதி இல்லை. நேரம் கொடுத்தாச் செய்வா. பள்ளிக்கூடத்துல உண்மையச் சொல்லி, பரீட்சைக்குக் கூடுதல் நேரம் வாங்குங்க. வருசா வருசம் கோயமுத்தூர் போய்க் காட்டுங்க. வளர்ச்சி, தைராய்டு எல்லாம் பார்க்கணும். அதுக்கே இத்தனை வருசம் தாமதம்."

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அழுதாரா என்று தெரியவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை, எழுதுகிற இந்த நேரத்திலும் வரவில்லை.

திரும்பினேன். கதவைப் பிடித்துக்கொண்டு கனி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அக்காவுக்கே தெரியவில்லை. நான் முதலில் பார்த்தது அவள் தலையைத்தான். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.

மார்ச் 11

மச்சான் போன் செய்தார். இனி அவர் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாதாம். நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு கனிக்குக் காய்ச்சல், தலைவலி ஏதாவது உண்டா என்று அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

மார்ச் 13

கேட்டேன். ஒன்றும் இல்லையாம்.

மார்ச் 19

அக்கா தனியாகப் பள்ளிக்கூடம் போய்த் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எங்கள் அக்காவா! புருசனிடம் கேட்கவில்லையாம், போய்விட்டு வந்துதான் சொன்னாளாம். கணக்கு மிஸ் கண் கலங்கிவிட்டாளாம். கலங்கட்டும். சிவப்பு மை கலங்காது.

மச்சான் அக்காவோடு பேசுவதில்லை. ஆனால் பீரோவிலிருந்த படங்களையெல்லாம் எடுத்து ஒரு பெரிய பையில் போட்டுக் கூடத்து மேசை மேல் வைத்திருக்கிறாராம். கோயமுத்தூருக்கு அடுத்த வாரம் போகிறார்களாம்.

கனி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "யாருகிட்டயும் பேச மாட்டேங்கறா" என்றாள் அக்கா.

மார்ச் 24

இன்று பள்ளி விட்டு கனி கடைக்கு வந்தாள். யாரும் கொண்டுவந்து விடவில்லை, அவளாக நடந்து வந்தாள். உட்கார் என்றேன். உட்காரவில்லை. பையையும் இறக்கவில்லை. ஒரு பெரியவர் கிணற்று மோட்டாரை டெம்போவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். அப்புறமேல்ட்டு வாங்க என்று அவரை அனுப்பிவிட்டேன்.

"உங்களுக்கு மொதல்ல இருந்தே தெரியுமுங்களா மாமா?"

"தெரியும் சாமி."

அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பத் திறந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் சொல்ல வந்ததை நானே சொல்லி முடித்துவிடுவேன். இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மிஸ் சோம்பேறின்னு எழுதுனப்போ தெரியுமுங்களா?"

"தெரியும்."

"நீங்க... என்னையத் திட்டுனப்போ?"

தலையை ஆட்டினேன்.

மறுபடி வெகு நேரம் ஆனது. வெளியே டெம்போ கிளம்பிப் போனது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு தெரிய, சொல்லைத் தேடித் தேடி எடுத்து வைத்தாள்.

"ஸ்கூல்ல பிள்ளையார் இருக்குது. தலையில குட்டிக்கிட்டா மூளை சுறுசுறுப்பாகும்னு மிஸ் சொன்னாங்க. எல்லாரும் ரெண்டு மூணு தடவை குட்டிக்கிட்டுப் போயிருவாங்க. நான் வலிக்கிற வரைக்கும் குட்டிக்குவேன். தெனமும். வலிச்சாத்தான் வேலை செய்யும்னு நெனச்சேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "என்ற தப்புன்னு நெனச்சேன் மாமா. நீங்க ஒருத்தர் சொல்லியிருந்தாக்கூட நான் குட்டியிருக்க மாட்டேன்."

"நீ பயந்துக்குவேன்னுதான் கண்ணு யாரும் சொல்லல."

"எனக்குப் பயமா இல்ல. கோவமா இருக்குது."

இந்த நோட்டில் நான் எழுதியிருப்பதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. பதினோரு வயதுப் பிள்ளை.

"மன்னிச்சுக்க சாமி" என்றேன்.

"மாட்டேன்" என்றாள். அதை மட்டும் உடனே சொன்னாள்.